நூலகப் பட்டியலில் குறிச்சொல் தேடல்: தமிழ்ச் சொல்லமைப்பு நோக்கில் ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

ஆய்வேடுகளின் முதல் இயலில் பெரும்பாலும் இடம்பெறும் தொடர் ஒன்றுண்டு. ‘இப்பொருள் குறித்து இதுவரை ஆய்வு எதுவும் நிகழவில்லை’ என்பதே அது. முன்பு இவ்வாறு எழுதும் ஆய்வாளர் நூலக அட்டைகளைப் புரட்டியும், மூத்த அறிஞரை வினவியும், நூல்களின் துணைநூற்பட்டியல்களைத் தொடர்ந்து சென்றும் அம்முடிவிற்கு வந்தார். இன்று அம்முடிவு பலவேளைகளில் கணிப்பொறித் திரையில் தோன்றும் ‘பதிவு எதுவும் இல்லை’ என்னும் விடையை அடிப்படையாகக் கொண்டே எழுதப்படுகிறது. அவ்விடை நூல் இல்லை என்பதைக் காட்டுகிறதா, அன்றித் தட்டெழுதப்பட்ட எழுத்துத் தொடர் பட்டியலில் இல்லை என்பதை மட்டும் காட்டுகிறதா என்னும் வினா தமிழைப் பொறுத்தவரை மிகவும் இன்றியமையாதது. நூலகப் பட்டியல்களின் குறிச்சொல் தேடல் முறையைத் தமிழ்ச் சொல்லமைப்பின் அடிப்படையில் மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது.

2. அட்டையும் கணிப்பொறியும்

அட்டைப் பட்டியலில் ஒரு நூலை அடைவதற்குப் பொதுவாக மூன்று வாயில்களே இருந்தன. ஆசிரியர் பெயர், தலைப்பின் முதற்சொல், பொருட்தலைப்பு என்பன அவை. தலைப்பின் நடுவிலுள்ள சொல் மட்டும் நினைவிலிருப்பவர்க்கு அட்டைப்பெட்டி உதவவில்லை. கணிப்பொறிப் பட்டியல் இக்குறையை நீக்கியது. பதிவிலுள்ள எச்சொல்லும் வாயிலாகலாம் என்பதே குறிச்சொல் தேடலின் அடிப்படை. 1950களின் இறுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் உருவாக்கிய, தலைப்புச் சொற்களைச் சூழலோடு அடுக்கிக் காட்டும் அடைவுமுறை இதற்கு முன்னோடி எனலாம்.

விரிநிலைத் தேடல் எனப்படுவது இதன் வளர்ச்சியாகும். இதில் நான்கு கருவிகள் அமைந்துள்ளன. முதலாவது, ஜார்ஜ் பூல் 1854இல் வெளியிட்ட நூலில் விளக்கிய தருக்கத்தின் வழிவந்த இணைப்புச் சொற்கள். இவை ‘உம்’, ‘அல்லது’, ‘தவிர’ என மூன்றாகும். இரண்டாவது, சொல்லின் ஈற்றைக் குறைத்து உடுக்குறியிட்டுத் தேடுதல். மூன்றாவது, மேற்கோள் குறிக்குள் தொடரை அடைத்து அதே வரிசையில் தேடுதல். நான்காவது, ஆசிரியர், தலைப்பு, பொருள், ஆண்டு எனப் புலம் வரையறுத்துத் தேடுதல். இவற்றின் பயனைத் தகவலியலார் இரண்டு அளவைகளால் மதிப்பிடுவர். தொடர்புடைய பதிவுகளுள் எத்தனை கிட்டின என்பது ஓர் அளவை. கிட்டியவற்றுள் எத்தனை தொடர்புடையவை என்பது மற்றோர் அளவை. முன்னதை நிறைவு என்றும் பின்னதைத் துல்லியம் என்றும் இங்குக் குறிக்கலாம்.

இக்கருவிகள் ஆங்கிலம் போன்ற மொழிகளை முன்னிறுத்தி அமைந்தவை. அம்மொழியில் சொற்கள் இடைவெளியால் பிரிந்து நிற்கின்றன, ஈறுகள் சிலவே, அவை சேரும்போது சொல்லின் அடிப்பகுதி பெரிதும் மாறுவதில்லை. தமிழில் இம்மூன்றும் வேறாக உள்ளன.

3. புணர்ச்சியும் தேடலும்

சொற்கள் புணரும்போது நிகழும் விகாரங்களை நன்னூல் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுக்கிறது. இம்மூன்றும் குறிச்சொல் தேடலில் மூன்று வேறுபட்ட இழப்புகளுக்குக் காரணமாகின்றன.

3.1 தோன்றல். ‘தமிழ்’, ‘கல்வெட்டு’ என்னும் இரு சொற்களும் இணையுமிடத்து வல்லெழுத்து மிகுந்து ‘தமிழ்க் கல்வெட்டு’ என்றாகிறது. ஒற்றிடாமலும் இதனை எழுதுவோர் உளர். ‘தமிழ் கல்வெட்டு’ என மேற்கோள் குறிக்குள் தேடுபவர்க்கு ஒற்று மிக்க தலைப்புகள் கிட்டா; ஒற்றிட்டுத் தேடுபவர்க்கு மற்றவை கிட்டா. மேலும் ‘தமிழ்க்கல்வெட்டுகள்’ எனச் சேர்த்தெழுதப்பட்ட தலைப்பில் இரண்டாம் சொல் மறைந்துவிடுகிறது. சொல்லின் முற்பகுதியைக் குறைத்துத் தேடும் வசதி பல பட்டியல்களில் இன்மையால் ‘செந்தமிழ்’, ‘முத்தமிழ்’ ஆகியவற்றினுள் இருக்கும் ‘தமிழ்’ என்பதும் தேடலுக்கு அகப்படுவதில்லை.

3.2 திரிதல். ‘சொல்’ எனத் தேடுபவர் சொற்றொடர், சொற்பொருள், சொற்களஞ்சியம் ஆகியவற்றை இழக்கிறார். ‘கடல்’ எனத் தேடுபவர்க்குக் கடற்கரையும் கடற்படையும் கிட்டுவதில்லை. ‘பொன்’ பொற்காசாகவும் ‘முன்’ முற்காலமாகவும் திரிகின்றன. இவ்விடங்களில் ஈற்றைக் குறைப்பது மட்டும் போதாது. திரிந்த வடிவத்தையும் ‘அல்லது’ என்னும் இணைப்பால் சேர்த்துத் தேடுதல் வேண்டும்.

3.3 கெடுதல். ‘மரம்’ என்பது ‘மரவேர்’ என்பதில் மகர ஈறு கெட்டும், ‘மரத்தின்’ என்பதில் அத்துச் சாரியை பெற்றும், ‘மரங்கள்’ என்பதில் இனமெல்லெழுத்தாய்த் திரிந்தும் நிற்கிறது. இவையனைத்தையும் பெறும் பொருட்டு ‘மர*’ எனக் குறைத்தால் மரபு, மரணம், மரகதம் ஆகியவையும் உடன் வருகின்றன. நிறைவு கூடும்போது துல்லியம் குன்றுவதற்கு இது நல்ல சான்றாகும். ‘மரம*’, ‘மரத்த*’, ‘மரங்க*’ என்னும் மூன்றையும் ‘அல்லது’ கொண்டு இணைப்பது ஓரளவு இடர் நீக்கும். தொகைச் சொற்களைத் தனித்தனியே சேர்த்துக்கொள்ளலாம்.

3.4 குறைக்கும் இடம். தமிழில் ஈற்றைக் குறைப்பவர் எவ்விடத்தில் குறைப்பது என்பதையும் அறிதல் வேண்டும். இன்று கணிப்பொறியில் வழங்கும் ஒருங்குறியில் மெய்யெழுத்து என்பது அகர உயிர்மெய்யும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகும். எனவே ‘நூல்*’ எனத் தேடினால் புள்ளியும் தேடப்படும் எழுத்துத் தொடரின் பகுதியாகிறது. நூலின், நூலகம், நூலாசிரியர் ஆகியவற்றில் லகரத்தை அடுத்துப் புள்ளி இல்லாமையால் அவை விலக்கப்படுகின்றன. ‘நூல*’ எனப் புள்ளி நீக்கித் தேடினால் நூல் உள்ளிட்ட அனைத்தும் கிட்டும். உகர ஈற்றுச் சொற்களுக்கும் இது பொருந்தும். ‘கல்வெட்டு*’ என்பது கல்வெட்டுகளைத் தரும். கல்வெட்டியலையும் கல்வெட்டாய்வையும் தராது. உயிர்வரக் குற்றியலுகரம் கெடும் என்பதனை உணர்ந்து ‘கல்வெட்ட*’ எனக் குறைப்பவர் மூன்றையும் பெறுவார். ஆயினும் இம்முறைக்கும் எல்லையுண்டு. ‘நாடு*’ எனத் தேடினால் நாட்டுப்புறவியல் கிட்டாது. ‘நாட*’ எனத் தேடினால் நாடகமும் உடன் வரும். இலக்கண அறிவு இன்றித் தமிழில் தேடல் உத்தி அமையாது என்பது இதனால் பெறப்படும்.

4. எழுத்தும் குறியீடும்

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் வடிவங்கள் கணிப்பொறிக்கு வேறாகலாம். ‘ஔவையார்’ என்னும் பெயரின் முதலெழுத்தை ஒரே உயிரெழுத்தாகவும் உள்ளிடலாம். ஒகரத்தை அடுத்து ளகரத்தை இட்டு ‘ஒளவையார்’ எனவும் உள்ளிடுவோர் உளர். ஏட்டில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. தேடலில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். ‘அவ்வையார்’ என எழுதுவோரையும் சேர்த்தால் ஒரு புலவரின் நூல்கள் பட்டியலில் மூன்று இடங்களில் சிதறுகின்றன. ஒகர உயிர்மெய்யை ஒரு குறியாகவும், கொம்பு, கால் என இரு குறிகளாகவும் பதியும் வேறுபாடு தரப்படுத்தும் நெறியால் நீங்கக்கூடியது. ஆயின் ளகரத்தால் எழுதிய ஔகாரம் அந்நெறிக்கு அடங்குவதில்லை. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர்ப் பல்வேறு எழுத்துருக்களில் உள்ளிடப்பட்டுப் பின்னர் மாற்றப்பட்ட பதிவுகளில் இத்தகைய பிழைகள் ஒளிந்திருத்தல் கூடும்.

அயல்நாட்டு நூலகங்களில் சிக்கல் வேறு வகையினது. 1962 முதல் அமெரிக்க நாட்டு நூலகப் பேரவையின் புதுதில்லி அலுவலகம் வழியாகத் தமிழ் நூல்கள் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களைச் சென்றடைந்தன. அவற்றின் பதிவுகள் உரோமன் எழுத்துப்பெயர்ப்பில் அமைந்தன. அம்முறையில் ஒலிப்பு அன்று, எழுத்தே அடிப்படை. சகரம் எங்கும் ‘சி’ என்னும் ஆங்கில எழுத்தாலும், ககரம் எங்கும் ‘கே’ என்னும் எழுத்தாலும் பெயர்க்கப்படும். ‘சங்கம்’ என்பதை ஒலித்தவாறே ‘எஸ்’, ‘ஜி’ ஆகிய எழுத்துகளால் தட்டச்சிடுபவர்க்கு அச்சொல் அகப்படாது. லகர, ளகர, ழகரங்களை வேறுபடுத்த இடப்படும் கோடும் புள்ளியும் தேடலின்போது பெரும்பாலும் புறக்கணிக்கப்படுகின்றன. அதனால் வலி, வளி, வழி என்னும் மூன்றும் ஒன்றாகின்றன. அறநூல் தேடுபவர்க்கு அரமும் அறமும் ஒன்றே. நிறைவு நோக்கி இவ்வாறு அமைத்தது பொருத்தமே எனினும், தமிழில் பொருள் வேறுபடுத்தும் ஒலியன்கள் அங்கு வேறுபாடு இழக்கின்றன என்பது கருதத்தக்கது.

5. பெயர்களின் பன்மை

ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா என்னும் மரபைப் பின்பற்றுவோர் ‘இராமாயணம்’ என்பர். ஏனையோர் ‘ராமாயணம்’ என்பர். ரா. இராகவையங்கார் பெயர் ஒன்றிலேயே இரு வழக்கும் எழுத்தில் மாறி மாறி வருவதைக் காணலாம். உ. வே. சாமிநாதையர் பெயர் சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் எனவும் எழுதப்படுகிறது. வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியும் பரிதிமாற் கலைஞரும் ஒருவரே என்பதும், வேதாசலமும் மறைமலையடிகளும் ஒருவரே என்பதும், சொ. விருத்தாசலமும் புதுமைப்பித்தனும் ஒருவரே என்பதும் தமிழ் பயின்றோர் அறிந்தவை, கணிப்பொறி அறியாதவை. நூற்பெயர்களும் இவ்வாறே. பெரியபுராணம் திருத்தொண்டர் புராணம் எனவும், மலைபடுகடாம் கூத்தராற்றுப்படை எனவும், சீவகசிந்தாமணி ஜீவகசிந்தாமணி எனவும் வழங்குகின்றன.

அட்டைக்காலத்தில் இதற்குத் தீர்வு இருந்தது. ‘விருத்தாசலம், சொ.: புதுமைப்பித்தன் காண்க’ என ஒரு வழிகாட்டு அட்டை எழுதிச் செருகுவது நூலகரின் பணிகளுள் ஒன்று. சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் 1924இல் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன் வகுத்த பட்டியல் விதிகளில் இத்தகைய குறுக்குக் குறிப்புகளுக்குச் சிறப்பிடம் உண்டு. அவர் பெயரும் அரங்கநாதன், ரங்கநாதன் என இருவகையாய் எழுதப்படுவதால் தேடுவோர் இரண்டையும் முயலவேண்டியுள்ளது. எச்சொல்லும் வாயிலாகலாம் என்ற நம்பிக்கையில், வாயில்களை இணைக்கும் இப்பணி கணிப்பொறி வந்தபின் தளர்ந்தது. குறிச்சொல் தேடல்மீது வைக்கத்தக்க முதன்மையான குறை இதுவே. தேடலின் ஆற்றல் கூடியது. பட்டியலின் அறிவு கூடவில்லை.

6. பொருள் தேடல்: மைசூர்ப் பகுதித் தமிழ்க் கல்வெட்டுகள்

மேற்கூறியவற்றை ஒரு சான்றால் விளக்கலாம். மைசூருவிலிருந்து பணியாற்றும் ஆய்வாளர் ஒருவர் கருநாடகப் பகுதியிலுள்ள சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளைத் தேடுகிறார் எனக் கொள்வோம். இப்பொருளுக்கு மைசூரு ஏற்ற இடம். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் உதகமண்டலத்திலிருந்து இந்நகருக்கு மாற்றப்பட்டது. ஏறத்தாழ 1004 தொடங்கித் தலைக்காடு போசளர் வயமாகும் வரை, ஒரு நூற்றாண்டிற்கும் மேலாகக் கங்கபாடியில் சோழராட்சி நிலவியது. கோலார் கோலாரம்மன் கோயிலில் முதலாம் இராசேந்திரன் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன.

அவர் ‘கல்வெட்ட*’ உம் ‘கர்நாடக*’ எனத் தேடினால் நிகழ்வன யாவை? முதலாவதாக, மாநிலத்தின் பெயர் 1973 நவம்பர் 1 வரை மைசூர் என்பதால் அதற்கு முந்திய நூல்கள் விடுபடும். நகரின் பெயர் 2014இல் மைசூரு ஆயிற்று. எனவே ‘மைசூர*’ எனப் புள்ளி நீக்கித் தேடினாலன்றி இரண்டும் ஒருங்கே கிட்டா. ‘கருநாடக*’ என்பதையும் தனியே சேர்த்தல் வேண்டும். இரண்டாவதாக, ‘கல்வெட்டு’ என்பதற்கு முன்னர்ப் பெருவழக்காய் இருந்த ‘சாசனம்’ என்னும் சொல் விடுபடும். 1950களில் சென்னையிலிருந்து வெளிவந்த ‘தென்னிந்தியக் கோயில் சாசனங்கள்’ தொகுதிகள் ‘கல்வெட்டு’ எனத் தேடுவோர்க்குத் தலைப்பின்வழிக் கிட்டமாட்டா. செப்பேடு, மெய்க்கீர்த்தி ஆகியனவும் சேர்த்துத் தேடத்தக்கவை.

மூன்றாவதாக, வேண்டாதவை வந்து குவியும். ‘கர்நாடக’ என்பது தனித்து நின்றால் கர்நாடக இசையையும், ஆர்க்காட்டு நவாபு காலத்துக் கர்நாடகப் போர்களையும் கொணரும். ‘கல்வெட்டு’ என்பதோ யாழ்ப்பாண வழக்கில் இறந்தோர் நினைவாகப் பாடி வெளியிடும் பாடல்நூலையும் குறிக்கும். ‘கோணேசர் கல்வெட்டு’ கல்லில் பொறித்தது அன்று, செய்யுள் நூல். இவற்றை விலக்கும்பொருட்டுத் ‘தவிர நினைவு*’ என இட்டால் நினைவுக்கற்கள் பற்றிய ஆய்வுகளும் விலகிவிடும். ‘தவிர’ என்னும் இணைப்பு விலக்கியவற்றைத் தேடுவோர்க்குக் காட்டுவதில்லை. ஆதலின் அதனை இறுதியாகவும் அருகியுமே ஆளுதல் வேண்டும்.

நான்காவதாக, முதன்மையான மூலமே காணாமற்போகும். லூயி ரைஸ் பதிப்பித்த ‘எபிகிராபியா கர்நாடிகா’ வரிசையில் 1905இல் வெளிவந்த பத்தாம் தொகுதி கோலார் மாவட்டத்திற்கு உரியது. அதில் தமிழ்க் கல்வெட்டுகள் பல உள்ளன. வரிசைப் பெயரிலோ தொகுதிப் பெயரிலோ ‘தமிழ்’ என்னும் சொல்லும் இல்லை, ‘சோழர்’ என்னும் சொல்லும் இல்லை. தமிழெழுத்தில் தேடுபவர்க்கு அது தமிழ் நூலும் அன்று. மூலங்களில் கோலார் ‘குவளாலம்’ எனவும், அப்பகுதி ‘நிகரிலிசோழ மண்டலம்’ எனவும், கங்கபாடியின் தென்பகுதி ‘முடிகொண்டசோழ மண்டலம்’ எனவும் வழங்குவதை அறிந்தவரும், பட்டியலாளர் அப்பெயர்களைப் பொருட்புலத்தில் பதிந்திருந்தாலன்றிப் பயன்பெறார். இந்நிலையில் ‘பதிவு எதுவும் இல்லை’ என்னும் விடையை நம்பி ‘கோலார்த் தமிழ்க் கல்வெட்டுகள் தொகுக்கப்படவில்லை’ என எழுதுபவர், 1905 முதல் அச்சிலிருக்கும் தொகுதி ஒன்றை மறுத்தவராகிறார். அவ்வேட்டைப் பின்பற்றுவோர் அப்பிழையை மேற்கோளாக்குவர்.

7. நிகண்டு மரபு காட்டும் வழி

ஒரு பொருளுக்குப் பல சொல், ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்னும் சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. திவாகரம் தொடங்கி நிகண்டுகள் முன்னதைப் பெயர்த் தொகுதிகளிலும் பின்னதை ‘ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி’ என்னும் தனிப் பகுதியிலும் வகுத்தன. வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதி இவ்வகைமையைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காக்கி அகர வரிசையில் அமைத்தது. சொல்லிலிருந்து பொருளுக்கும், பொருளிலிருந்து ஒருபொருட் சொற்களுக்கும், தொகைப்பெயரிலிருந்து அதன் உறுப்புகளுக்கும், ஓசையிலிருந்து சொல்லுக்கும் செல்லும் நான்கு வழிகள் அங்கு அமைந்துள்ளன.

இன்றைய குறிச்சொல் தேடல் இந்நான்கில் எதனையும் முழுமையாகச் செய்வதில்லை. எழுத்துத் தொடரிலிருந்து எழுத்துத் தொடருக்கு மட்டுமே செல்கிறது. தகவலியலார் சொற்களஞ்சியம் என்றும் நிறுவிய பெயர்க் கோப்பு என்றும் கூறுவன, நோக்கத்தால் நிகண்டிற்கு அயலானவை அல்ல. சாசனம், கல்வெட்டு, செப்பேடு ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைத்தும், ‘கல்வெட்டு’ என்பதன் இருபொருளைப் பிரித்தும் வைக்கும் ஒரு கோப்பு, பல நாள் முயன்று தேடுபவரின் உழைப்பை மிச்சப்படுத்தும்.

இதற்கான மொழியியல் தரவும் அறவே இல்லாததன்று. நடுவண் அரசின் மின்னணுத் துறை 1991இல் தொடங்கிய இந்திய மொழித் தொழில்நுட்பத் திட்டத்தின்கீழ்த் திராவிட மொழிகளுக்கான சொற்றொகை மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. தமிழுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் சொற்கள் தொகுக்கப்பட்டன. ஒரு சொல் எழுத்துவழக்கில் எவ்வெவ் வடிவங்களில் வருகிறது என்பதை இத்தகைய தொகை காட்டும். உருபனியல் பகுப்பிகளும் இத்தரவின் துணையோடு செம்மையுறக் கூடியவை. ஆயினும் வேர்ச்சொல்லை எந்திரமே கண்டு விரித்துத் தேடும் முறையை முழுதும் நம்புதல் தகாது. மரத்தையும் மரபையும் ஒரே வேருக்கு உரியனவாகக் கொள்ளும் பகுப்பி, முன்னர்க் கூறிய உடுக்குறியின் குறையையே மறைவாகச் செய்யும். விரித்துத் தேடிய வடிவங்கள் எவை என்பதைப் பட்டியல் தேடுவோர்க்குக் காட்டுதலும், வேண்டாதவற்றை அவரே நீக்க இடந்தருதலும் முறையாகும்.

8. முடிவுரை

குறிச்சொல் தேடல் அட்டைப் பட்டியல் தாராத வசதிகளைத் தந்துள்ளது என்பதில் ஐயமில்லை. தலைப்பின் எப்பகுதியிலிருந்தும் நூலை அடைதல், ஆண்டு வரையறுத்தல், இரு கருத்துகளை இணைத்தல் ஆகியன ஆய்வுக்கு இன்றியமையாதவை. ஆயின் தமிழில் அதன் பயன், தேடுபவரின் புணர்ச்சி அறிவையும் பட்டியலாளரின் பொருளறிவையும் பொறுத்து அமைகிறது.

ஆய்வாளர் கடைப்பிடிக்கத்தக்கன நான்கு. சொல்லைப் புள்ளியும் உகரமும் நீக்கிக் குறைத்தல். திரிந்த வடிவங்களையும் ஒருபொருட் சொற்களையும் ‘அல்லது’ கொண்டு இணைத்தல். கிட்டிய நல்ல பதிவொன்றின் பொருட்தலைப்பைக் கொண்டு மீண்டும் தேடுதல். உரோமன் எழுத்துப்பெயர்ப்பிலும் ஒருமுறை தேடுதல். நூலகங்கள் செய்யத்தக்கன மூன்று. எழுத்துக் குறியீடுகளைத் தரப்படுத்துதல். ஆசிரியர் பெயர், நூற்பெயர், இடப்பெயர் ஆகியவற்றின் மாற்று வடிவங்களை இணைக்கும் கோப்புகளை மீண்டும் பேணுதல். பன்மொழித் தொகுதிகளின் உள்ளடக்க மொழிகளைப் பொருட்புலத்தில் பதிதல்.

‘இதுவரை ஆய்வு நிகழவில்லை’ என எழுதும் உரிமை, எவ்வெச் சொற்களால், எப்பட்டியலில், எந்நாளில் தேடப்பட்டது என்பதையும் உடன் எழுதும் கடமையைத் தருகிறது. அக்குறிப்பு ஆய்வேட்டின் முதல் இயலில் இடம்பெறுமாயின், தேடலில் விடுபட்டது எது என்பதையேனும் அடுத்து வருபவர் கண்டுகொள்ளக் கூடும்.